தோல் சீவாத கல்

அக்கா: மழைத் தண்ணிடா அது. ரெண்டு வருஷமா அதப் பூமிக்கடியில இருந்து வந்த தண்ணின்னு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிட்டுத் திரியுறேன்.

தம்பி: மெதுவாப் பேசு. மெஷின் சத்தத்தையும் மீறி வெளிய கேக்குது.

அக்கா: கேக்கட்டும். எரிமலைக் கல்லு மேல்தோல் மழையில ஊறிக் கெட்டிருக்கும், சீவி எறிஞ்சிட்டு உள்கல்லத்தான் சோதனைக்குப் பொடிக்கணும். கல்லறுக்குற உனக்கு இது தெரியாதா?

தம்பி: தெரியும். தோலோட பொடிச்சா என்ன குடி முழுகிரும்னுதான் இதுவரைக்கும் நீ சொன்னதில்ல.

அக்கா: அடியில பாறை கொதிக்கிற சூட்டுலயும் கெட்டியாத்தான் கெடக்கு. மேல இருக்குற பாரம் உருக விடாது. நம்ம கல்லு உருகி வர ரெண்டு வழிதான். பூமியோட மேல்தட்டு ரெண்டா விலகி, அடிப்பாறை மேல ஏறி, அழுத்தம் குறையணும். இல்லன்னா...

தம்பி: கடல்தட்டு உள்ள முங்கித் தண்ணிய இறக்கணும். தண்ணி பட்டா கம்மிச் சூட்டுலயே உருகிரும். நீ தண்ணிக் கட்சி.

அக்கா: கிண்டல் வேறயா? பொடி பூரா தண்ணியோட தடம். அத நம்பித்தான் இங்க ஒரு தட்டு முங்குச்சுன்னு எழுதினேன். இப்ப ஒருத்தர் அதே எடத்துல புதுக் கல்ல வெட்டிப் பாத்து, தண்ணியே இல்ல, தட்டு விலகித்தான் உருகியிருக்குன்னு எழுதிட்டாரு. மானம் போச்சு.

தம்பி: உடனே என் மேல புகார். ஆய்வக இயக்குநர் கூப்பிட்டுக் காட்டினாரு. கூடப் பொறந்தவன்னுகூடப் பாக்கல நீ.

அக்கா: இந்த வேலைய வாங்கிக் குடுத்ததே நான்தான்.

தம்பி: அதனால பிடுங்குறதும் நீயா?

அக்கா: ஏன்டா சீவல?

தம்பி: பிளேடு உடைஞ்சு போச்சு. புதுசு வரட்டும்னேன். கருத்தரங்குக்கு நாள் இல்ல, பொடியக் குடுன்னு தலைமேல வந்து நின்ன.

அக்கா: தோலோட குடுன்னு சொன்னேனா?

தம்பி: சொல்லல. அதான் ஒவ்வொரு பையிலயும் சீட்டு எழுதிப் போட்டேன். ‘தோல் சீவல’ன்னு.

அக்கா: பையெல்லாம் அலமாரியிலதான் இருக்கு. ஒண்ணுலயும் சீட்டு இல்ல.

தம்பி: இயக்குநரும் அதையேதான் சொன்னாரு. நாளைக்கு விசாரணையில என்னை எவன் நம்புவான்? ...ஏன் ஜன்னலப் பாக்குற? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. ஒரு சீட்டுகூடவா உன் கண்ணுல படல?

அக்கா: ...பதினேழு.

தம்பி: என்ன பதினேழு?

அக்கா: சீட்டு. கிழிக்கிறப்ப எண்ணினேன்.