யுகேந்திரனின் எஞ்சின்

மின்விசிறியை மூன்றாம் இலக்கத்துக்குக் குறைத்துவிட்டேன், பரவாயில்லைதானே. நான்கில் வைத்தால் நல்ல காற்று வரும், ஆனால் மேசையில் ஒரு காகிதமும் இருந்த இடத்தில் இருக்காது. இந்த அறையில் முகாமையாளராக இருந்த காலம் முழுவதும் நான் வியர்த்துக்கொண்டுதான் வேலை செய்தேன். ஒரு காகிதமும் பறந்ததில்லை.

வங்கிகளை மேற்பார்வை செய்யும் உங்கள் திணைக்களத்தின் கட்டளையை நேற்றிரவு ஆறுதலாக வாசித்தேன். பாதுகாப்பற்ற முகாமைத்துவம், பொறுப்பற்ற கடன் வழங்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் எங்கள் கொட்டியாரம் மீனவர் வங்கி இனிப் புதிய வைப்பு எடுக்கக் கூடாது, கடன் கொடுக்கக் கூடாது, பணிப்பாளர் சபை கலைய வேண்டும். நல்லது. சபை உங்களுக்கு முன்பே கலைந்துவிட்டது. தலைவர் இராசதுரை அவர்களுக்கு நெஞ்சு நோ, கொழும்பில் தனியார் வைத்தியசாலையில் படுத்திருக்கிறார். உப தலைவருக்கு முதுகு வருத்தம். மற்ற இருவருக்கும் என்ன வருத்தம் என்று இன்னும் முடிவாகவில்லை. சுகமாக இருப்பவன் நான் ஒருவன்தான், ஆகவே கேள்வியெல்லாம் என்னிடம் வருகிறது.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், ஒரு வரியைத் தவிர. 'முகாமையாளர் யோகலிங்கம் எந்த முன்யோசனையும் இன்றிச் செயற்பட்டுள்ளார்.' இதை எழுதியவர் வேலைக்குப் புதியவராக இருக்க வேண்டும். கள்ளன் என்று எழுதியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். யோசிக்காதவன் என்று எழுதினால் மனம் பொறுக்குமா? அதனால்தான் நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். அவசரமில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் கடன் கொடுப்பவனுக்குள்ள பெரிய கரைச்சல், பிணை மிதந்துகொண்டிருக்கும் என்பதுதான். காணியைப் பிணை வைத்தால் அது வைத்த இடத்தில் கிடக்கும். படகைப் பிணை வைத்தால், தவணை கேட்டுப் போகிற அன்று அது எங்கோ தொலைவில் புல்மோட்டையில் நிற்கும். எனக்கு முன்பிருந்தவர்கள் படகுகளைத் தேடியே ஓய்வூதிய வயதை அடைந்தார்கள். நான் யோசித்தேன். எஞ்சின் இல்லாத படகு எங்கே ஓடப்போகிறது? சல்லிக் கிராமத்தில் கரையை ஒட்டி ஒரு கொட்டிலை வாடகைக்கு எடுத்தேன். தவணை தவறியவர்கள் கரைக்கு வந்ததும் எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்துவந்து அங்கே ஒப்படைக்க வேண்டும். விடியக் கையொப்பம் வைத்து எடுத்துப் போகலாம். கட்டுகிறவரைக்கும் இதுதான் ஒழுங்கு.

சனங்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். கொழும்பில் ஒரு கருத்தரங்கில் இதைப் புத்தாக்கம் என்று பாராட்டிக் கேடயமும் தந்தார்கள். உங்களுக்குப் பின்னால் அலுமாரிக்கு மேல் இருப்பது அதுதான்.

ஒழுங்கில் இன்னொரு நல்ல விதியும் இருந்தது. கடல் எச்சரிக்கை வந்த நாளில் கொட்டில் திறக்கப்படாது. அதுவும் நான் எழுதிய விதிதான். மீனவர்களின் உயிரில் அக்கறை இல்லாதவன் அப்படி எழுதுவானா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி நீங்கள் ஐந்து பக்கத்துக்கு எழுதியிருக்கும் விடயத்துக்கு வருகிறேன். தலைவருக்கு நிலாவெளியில் ஒரு ஹோட்டல் கட்ட ஆசை வந்தது. நீச்சல் தடாகம் வைத்தது. கடல் பக்கத்தில் இருக்கும்போது தடாகம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அது அவருடைய இரசனை. ஆனால் பணிப்பாளர் ஒருவருக்கு அளவுக்கு மீறிக் கடன் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நான் சட்டத்தை மதிக்கிறவன். தலைவருக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. மீனவர்களுக்குத்தான் கொடுத்தேன். படகு வாங்க, வலை வாங்க என்று அவர்களுடைய பெயர்களில் கொடுத்தேன். அது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கையொப்பங்களை யார் போட்டது என்று கேட்கிறீர்கள். எனக்குக் கையெழுத்து சிறு வயதிலிருந்தே நல்லது.

கடன் பகுதியில் ரிஸ்னா என்று கிண்ணியாப் பிள்ளை ஒருவர் இருந்தார். கெட்டிக்காரி. ஒருநாள் கடன் கோவையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"சேர், சல்லி யுகேந்திரன்ட பேர்ல அஞ்சு போட்டுக்குக் கடன் போயிருக்கு. அவருக்கு ஒரு போட்டுதானே?"

"வளர்ந்து வாற ஆள், பிள்ளை. நாங்கள் ஊக்கம் குடுக்க வேணும்."

அவர் கோவையை மூடிக்கொண்டு போனார். அந்த மாத முடிவில் அவருக்குப் புல்மோட்டைக் கிளைக்கு இடமாற்றம் கொடுத்தேன். பதவி உயர்வோடுதான் கொடுத்தேன். நான் யாருடைய வாழ்க்கையையும் கெடுக்கிறவன் இல்லை.

யுகேந்திரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமைதியான மனிதர். சொந்தக் கடன் ஒன்றுதான், அதிலும் சின்ன நிலுவை. அதற்காக ஒவ்வொரு நாளும் பின்னேரம் எஞ்சினைச் சுமந்துவந்து கொட்டிலில் வைப்பார். ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. மகளுக்குக் கண்ணில் ஒரு சத்திரசிகிச்சை தேவைப்பட்டதால் வேறொரு வங்கிக்குக் கடன் கேட்டுப் போயிருக்கிறார். அங்கே கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் பெயரில் இவ்வளவு கடனிருக்க எங்களிடம் ஏன் வந்தீர்கள் என்று சிரித்திருக்கிறார்கள். அவர் என்னிடம் வந்தார். நீங்கள் இருக்கும் அதே கதிரையில்தான் இருந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன், காரியம் சுலபமாக முடிந்திருக்கும்.

"சேர், நான் உங்களிட்டச் சண்டைக்கு வரேல்ல. என்ர பேரில இல்லாத போட்டுகள் ஓடுதாம். பிள்ளையின்ர கண்ணுக்கு நான் எங்க போறது? அடுத்த கிழமை கொழும்பில இருந்து பரிசோதிக்க வருகினமாம். அவையிட்டச் சொல்லத்தான் போறன்."

"சொல்லுங்கோ, அது உங்கட உரிமை" என்றேன். தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டுத்தான் போனார்.

அவர் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு பெயரை இழுத்தால் மற்றப் பெயர்களும் வரும், ஹோட்டலும் வரும், என் கையெழுத்தும் வரும். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இந்த வங்கியை நம்பிப் பணத்தைப் போட்டிருந்தன. அவர்களை நினைத்துத்தான் நான் அன்று இரவு படுக்கவில்லை. என்னை நினைத்து என்று நீங்கள் எழுதக் கூடும். எழுதுங்கள்.

எங்கள் கடன்களுக்கெல்லாம் ஆயுள் காப்பு உண்டு. கடனாளி இறந்தால் மீதியைக் காப்புறுதிக் கொம்பனி வங்கிக்குக் கட்டிவிடும். இதைக் கட்டாயமாக்கியதும் நான்தான். மீனவருக்குக் காப்பு இல்லாமல் கடன் கொடுப்பது பொறுப்பற்ற செயல். இப்போது கூட்டிப் பாருங்கள். யுகேந்திரன் உயிரோடு இருந்தால் அவருடைய பெயரிலிருந்த ஐந்து கடன்களும் வங்கியின் கழுத்தில் கயிறு. இல்லாவிட்டால் ஐந்தும் முழுதாகக் கட்டிய நல்ல கடன்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லையே.

அது கார்த்திகை மாதம், மாரிக் கடல். எச்சரிக்கை வந்திருந்தது. கோயில் ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள். நான் யுகேந்திரனை ரெலிபோனில் அழைத்தேன். உங்களைப் போன்ற அதிகாரிகள் நிலுவை வைத்திருப்பவனின் கதையைக் காதில் போடமாட்டார்கள், முதலில் சொந்தக் கடனைச் சுத்தப்படுத்திவிட்டு நிமிர்ந்து நின்று கதையுங்கள் என்று சொன்னேன். நல்ல புத்திமதிதான். எல்லாரும் கரையில் நிற்கிற நாளில் பிடிக்கும் மீனுக்கு என்ன விலை என்று அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரே ஓட்டத்தில் நிலுவை முடிந்துவிடும்.

"கொட்டில் பூட்டாயிருக்குமே சேர்" என்றார்.

"நீங்கள் விடிய வாங்கோ. உங்களுக்காக நான் திறந்துவிடுறன்."

மிகவும் நன்றி சொன்னார்.

காவலாளிக்கு விடுமுறை கொடுத்துவிட்டு நானே போனேன். அவருடைய எஞ்சினைப் பின்பக்கம் இழுத்துத் தறப்பாள் சீலையால் மூடினேன். பாரமான சாமான், என் இடுப்பு ஒரு கிழமை நொந்தது. வேறொரு எஞ்சினை முன்னால் எடுத்து வைத்தேன். அது கடன் கட்ட ஏலாமல் ஒருவர் விட்டுவிட்டுப் போனது. கிண்ணியாவில் எஞ்சின் திருத்தும் அபூதாஹிர் அதைச் சோதித்துவிட்டு, "சேர், இது சூடேறினா நிண்டுரும். கரையோட ஓடுறதெண்டாப் பரவால்ல, வெளிக்கடலுக்குக் குடுத்துராதீங்க" என்று சொல்லியிருந்தார். நிபுணர் கருத்தைக் கேளாமல் நான் எதையும் செய்வதில்லை.

யுகேந்திரன் வந்தார். "இது என்ர இல்லையே சேர்" என்றார்.

"உங்கடை எஞ்சின் சேர்விசுக்குக் கிண்ணியாவுக்குப் போயிருக்கு. இண்டைக்கு இதைக் கொண்டு போங்கோ."

எஞ்சினைத் தூக்கித் தோளில் வைத்தவர் கடலைப் பார்த்தார். "கடல் எப்பிடி சேர், குழம்புமோ?"

"நான் வங்கிக்காரன், எனக்கென்ன தெரியும். இப்ப பார்க்க நல்லாத்தான் கிடக்கு."

அது பொய்யில்லை. அந்த நேரத்தில் கடல் நன்றாகத்தான் கிடந்தது. நான் அவரைக் கடலுக்குப் போகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எஞ்சினைத் தான் எடுத்தேன் என்று கையொப்பம் வைத்தது அவர்தான். பத்து மணிக்குப் பிறகு காற்று எழும்பியது. நான் அப்போது இந்த மேசையில் இருந்து வட்டி வீதம் பற்றி ஒரு சுற்றறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

உடல் ஈச்சிலம்பற்றுப் பக்கம் கரை ஒதுங்கியது. படகு உடைந்து பலகையாக வந்தது. எஞ்சின் கடலோடு போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். செத்த வீட்டுக்கு வங்கி சார்பில் மலர்வளையம் அனுப்பினோம். நானும் சில வார்த்தை பேசினேன். கடமை தவறாத வாடிக்கையாளர் என்று சொன்னேன். பொய்யாகச் சொல்லவில்லை, நான் அவரை மதித்தேன்.

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து வந்தவர்களிடம் சொல்ல யாரும் வரவில்லை. காப்புறுதிப் பணம் வந்தது. அறவிடக் கடினமான கடன்களின் பங்கு எல்லைக்குக் கீழே இறங்கியது. அந்த வருட அறிக்கையில் எங்கள் மீட்பு நடவடிக்கை திருப்தியாக இருக்கிறது என்று எழுதினார்கள். அதை எழுதியவருக்கு நண்டுக் கறி நன்றாகப் பிடித்திருந்தது. மற்றப் பெயர்களைப் பற்றியும் அடுத்த மாரிக்கென்று ஒரு ஒழுங்கு யோசித்து வைத்திருந்தேன். உங்கள் கட்டளை அதற்குள் வந்துவிட்டது. இவ்வளவையும் கேட்ட பிறகும் முன்யோசனை இல்லாதவன் என்பீர்களா?

ஒன்றில்தான் பிசகினேன். அதையும் என்னால் பிழை என்று சொல்ல ஏலாது, ஏனென்றால் நான் விதிப்படி நடந்தேன். கடன் முடிந்தால் பிணைப் பொருளை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் வங்கியில் இதற்கு ஒரு விலக்கும் கிடையாது. முடிந்த கடன்களுக்கெல்லாம் விடுவிப்புக் கடிதம் தயாராகி மேசைக்கு வரும், நான் வரிசையாகக் கையொப்பம் வைப்பேன். யுகேந்திரனின் கடன் முடிந்துவிட்டது. ஆகவே அவருடைய மனைவி ஜெயரூபிக்கும் ஒரு கடிதம் போயிற்று. எஞ்சின் எங்கள் பொறுப்பில் இருக்கிறது, வந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று.

நேற்று வந்தார். தம்பியின் முச்சக்கர வண்டியில் வந்தார். காவலாளி கொட்டிலைத் திறந்து தறப்பாளை இழுத்தான். நானும் அங்கே இருந்தேன், எஞ்சின்களை ஏலத்துக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். மூடியின் மேல் நீலப் பெயின்ரில் மகளின் பெயர் எழுதியிருந்தது. நான் எஞ்சின்களின் இலக்கத்தைத்தான் பார்ப்பேன், பெயர்களைப் பார்ப்பதில்லை. ஜெயரூபி குனிந்து அந்தப் பெயரைக் கையால் துடைத்தார்.

"இது இவரிட எஞ்சின், சேர்."

"ஓம், உங்கடைதான். கடன் முடிஞ்சுது, கொண்டு போங்கோ."

"அப்ப அவர் எதோட கடலுக்குப் போனவர்?"

நான் பற்றுச்சீட்டை நீட்டி, கையொப்பம் வைக்கும் இடத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பிறகு தம்பியும் அவருமாக எஞ்சினைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். பிரதான வீதிக்கு ஏறிய வண்டி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, பட்டணத்துப் பொலிஸ் பக்கம் திரும்பியது.

நான் பற்றுச்சீட்டோடு வாசலில் நின்றேன். இத்தனை வருடத்தில் இந்த வங்கியிலிருந்து கையொப்பம் இல்லாமல் வெளியே போன பொருள் அது ஒன்றுதான். அதை மட்டும் என் குற்றம் என்று எழுதுங்கள், நான் மறுக்கமாட்டேன்.