மாட்டை அவிழ்த்த ஆமி பாய்

— பொய் சொல்ல வேணாம் வாப்பா. காலக் காட்டுங்க. நொண்டி நொண்டித்தானே நடக்கிறீங்க.

— அது பழைய நொண்டி மகள். பட்டாளத்துல, ஆமியில ஈக்கக்குள்ள பட்ட காயம். நேத்துப் பட்டதில்ல.

— நேத்துக் காலையில வீட்ட விட்டுப் போனவரு. போனும் வேலை செய்யல்ல, கரண்டும் இல்ல. பதுளை ஆஸ்பத்திரி வாசல்ல நின்டு, வாற ஒவ்வொரு வண்டியிலயும் ஒங்கட முகத்தத் தேடினேன் வாப்பா. ஹாலிஎலயில இருந்து இங்க வரைக்கும் பாதிக்கு மேல நடந்துதான் வந்தேன். ரோடெல்லாம் மண்ணு.

— மொதல்ல உக்காருங்க தங்கச்சி. இந்தாங்க, பிளேன்ட்டி. சீனி கொஞ்சந்தான் இருக்கு, கோவிச்சுக்காதீங்க. பாயி மகள் ஷாகிரா நீங்கதானே? நான் செபஸ்தியம்மா. அந்தா மேல தேயிலத் தோட்டத்துல இருந்துச்சே ரெண்டாம் நம்பர் லயம், அந்த வரிசை வீட்டுலதான் குடியிருந்தேன். இப்போதைக்கு இந்தப் பள்ளிக்கூடந்தான் வீடு.

— இருந்துச்சா? இப்ப இல்லயா அக்கா?

— இல்லைங்க. மலை எறங்கி வந்து மூடிருச்சு. நான் சோறாக்குன எடத்துல ஒரு பாறை உக்காந்திருக்கு. ஆனா ஒரு உசுரு போகல. லயத்துச் சனம் பூராவும் இந்த ஹோல்லதான் படுத்திருக்கு, பாருங்க. எல்லாம் ஒங்க வாப்பா, எங்க ஆமி பாயாலதான்.

— செபஸ்தி, அதெல்லாம் இப்ப என்னத்துக்கு?

— நீங்க பேசாம இருங்க பாயி. பெத்த மகளுக்குத் தெரிய வேணாமா?

— எனக்குத் தெரியாதா அக்கா? சின்ன வயசுல இருந்து இதே கததான். யாருக்கோ ரத்தம் குடுத்தாரு, யாரையோ பிள்ளப்பேத்துக்கு வேன்ல ஏத்திட்டுப் போனாரு, யாருட சாவுக்கோ பெட்டி தூக்கினாரு. என்ட நிக்காஹ்வுக்கே பிந்தித்தான் வந்தாரு. தோட்டத்துல ஒரு மனிசிக்குப் பாம்பு கடிச்சிச்சாம்.

— ஐயோ, அது எங்க மாமியாருங்க! பொழச்சிருச்சு. அப்புறமும் ரொம்ப வருசம் இருந்து என்னைய வதைச்சுட்டுத்தான் போச்சு.

— சிரிக்காதீங்க வாப்பா. நான் கோவத்துல ஈக்கிறேன்.

— நான் சிரிக்கல்ல மகள். அந்த மனிசிட வாய் ஞாபகம் வந்திச்சி.

— தங்கச்சி, எம்பத்தி மூணு கலவரத்துல நான் கொமரிப்பிள்ள. பாயி ஆமிய விட்டு வந்து கொஞ்ச வருசம் ஆயிருந்துச்சு. பழைய உடுப்ப மாட்டிக்கிட்டு ஒத்தையா லயத்து மொனையில நின்னாரு. பொத்தான் பூட்ட முடியல, வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது. கம்பும் கத்தியுமா வந்தவனுங்களப் பாத்து சிங்களத்துல ஒரு அதட்டு அதட்டுனாரு. பின்னால படையே நிக்குதுன்னு நெனச்சுத் திரும்பிட்டானுக.

— பின்னால யாரு வாப்பா நின்ட?

— ஒத்தரும் இல்ல மகள். கையில துப்பாக்கியும் இல்ல. தேயிலச் செடி மறைச்சதால அவனுகளுக்குத் தெரியல்ல.

— இத ஒருநாளும் நீங்க எனக்குச் சொன்னதில்லயே.

— உம்மாவுக்குச் சொன்னேன். ஒரு வாரம் என்னோட பேசல்ல.

— அந்த உம்மாதான் மவுத்தாகக்குள்ள என்ட கையப் புடிச்சி, வாப்பாவப் பாத்துக்கோ மகள்னு சொன்ன. எம்பது தாண்டிட்டு, நெஞ்சுக்கு மருந்து குடிக்கிறீங்க. இனித் தோட்டத்துச் சனத்துக்கு ஓடுற வேலையெல்லாம் விட்டுட்டேன்னு எனக்கு வாக்குத் தந்தீங்க தானே? இதுதானா விட்டது?

— தங்கச்சி, நேத்து பாயி வராம இருந்திருந்தா நீங்க இப்ப எங்க சாவுக்கு வந்திருப்பீங்க. நடந்தத நான் சொல்றேன், கேளுங்க. வந்ததும் வராததுமா, ஓடையப் பாத்தியா செபஸ்தின்னாரு. பேய் மழை பேயுது, ஓடை வத்திக் கெடக்கு. என் கண்ணுல அது படவேயில்ல.

— ஆமியில நான் ரோடு வெட்டின ஆள் மகள். மழையில ஓடை வத்தினா தண்ணி மலைக்குள்ள எறங்குது. பொறகு மலை நிக்காது.

— எல்லாரும் எறங்குங்கன்னு கத்துனாரு. நாந்தான் மாட்டேன்னேன். ஒவ்வொரு மழைக்கும் மலை வருது மலை வருதும்பாங்க, போய்ட்டு வந்தா சட்டி பானை காணாமப் போயிருக்கும். அதோட என் மாடு ராணி நெறமாச சென. அத விட்டுட்டு எங்க போறது? நான் அசையலேன்னதும் அக்கம்பக்கமும் அசையல.

— பொறகு?

— பாயி என்ன பண்ணுனாரு தெரியுமா? நேரா கொட்டிலுக்குப் போனாரு, கயித்த அவுத்தாரு, என் மாட்டப் புடிச்சுக்கிட்டு நொண்டி நொண்டிக் கீழ நடக்குறாரு! நான் வெளக்குமாத்தோட பின்னால ஓடுறேன். ஏய் கெழவா, மாட்டுக் கள்ளான்னு வாயில வந்ததெல்லாம் ஏசுறேன். வேடிக்க பாக்க மொத்த லயமும் என் பின்னால எறங்கிருச்சு. மொடமாக் கெடந்த றொபின்சனக்கூட நாற்காலியோட தூக்கிட்டு வந்துட்டாங்க, இத அவரும் பாக்கணும்னு.

— என்ட அல்லாஹ்! வாப்பா!

— பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேரல, முதுகுக்குப் பின்னால ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா லயத்தக் காணோம். கையில வெளக்குமாறு மட்டும் இருக்கு. நான் பாயி கால்ல விழுந்துட்டேன் தங்கச்சி. கெழவான்னு ஏசுன வாயாலயே சாமின்னு கூப்பிட்டேன்.

— அது பாவம் செபஸ்தி, அப்பிடிச் சொல்லாதன்னு அப்பவே சொன்னேன். நன்றியெல்லாம் ராணிக்குச் சொல்லு. அது அடம் புடிச்சிருந்தா நான் என்ன செய்ற?

— ராணி இன்னைக்கு விடியக்காலையில கன்னு போட்டுருச்சு தங்கச்சி, பள்ளிக்கூடத்து சைக்கிள் கொட்டகையில. இருந்து சீம்பால் காய்ச்சி ஒரு வாய் குடிச்சிட்டுத்தான் போகணும். எங்ககிட்ட குடுக்க வேற ஒண்ணும் இல்ல.

— குடிக்கிறேன் அக்கா. இவருக்கும் குடுங்க. ஆனா ஒன்டு மட்டும் எனக்கு விளங்கல்ல. வாக்குத் தந்த மனிசன் நேத்து என்னத்துக்கு இங்க வந்தாரு?

— நானும் அதத்தான் கேக்க நெனச்சேன். பஸ்ஸு ஓடல, தெமோதரையில ரயில் கோச்சியும் நின்னுருச்சு. அந்த மழையில எதுக்கு வந்தீங்க பாயி?

— அது இப்ப வேணாம் செபஸ்தி. முடிஞ்சி போன கத.

— சொல்லுங்க வாப்பா. ஏச மாட்டேன்.

— முந்தாநாள் நீதானே மகள் சத்தம் போட்டாய், அந்தச் சனத்துக்கு முடிவாச் சொல்லிடுங்கன்னு. போன்ல சொல்ல மனசு வரல்ல. இன்னொரு நாள் தள்ளினா மனசு மாறிடும்னு பயம். இனிமே வர மாட்டேன்னு இவங்கட முகத்தப் பாத்துச் சொல்லிட்டு வரத்தான் மகள், நேத்து மலை ஏறினேன்.