பெரட்டுக்கு நின்ற ஆறு பேர்

1984 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்குக் காவல் நிலையத்தில் விசாரித்து எழுதியது.

என் பெயர் ராக்காயி. வயது ஐம்பத்தேழு. காலஞ்சென்ற இராமலிங்கத்தின் மனைவி. பண்ணைக்காட்டுக்குக் கீழே, குருநாதன் என்பவரின் காப்பித் தோட்டத்தில், முன்பு மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கியில் குடியிருக்கிறேன். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தேன். 1974-ல் கப்பலில் வந்து மண்டபம் முகாமில் இருந்து, அதன் பிறகு இந்த மலைக்கு வந்தேன். எழுதப் படிக்கத் தெரியாது. பேசத் தெரியும்.

என் மேல் மனு கொடுத்திருப்பவர் மதுரையில் மில் வேலை பார்க்கும் சுந்தரராஜ். அவருடைய தகப்பனார் நல்லையா, வயது எழுபத்தாறு, புத்தி தடுமாறியவர் என்றும், அவரை முதியோர் விடுதியிலிருந்து நான் ஏமாற்றிக் கூட்டிவந்து விடியற்காலைக் குளிரில் வரிசையில் நிற்கவைத்து வேலை வாங்குவதாகவும், அவரைத் திரும்ப விடுதியில் சேர்த்துக் கிட்டங்கியைப் பூட்ட வேண்டும் என்றும் மனுவில் உள்ளதைப் படித்துக் காட்டினார்கள். கூட்டிவந்தது உண்மை. வரிசையில் நிற்பது உண்மை. வேலை பார்ப்பதும் உண்மை. மற்றதெல்லாம் பொய்.

என் கணவர் இறந்த பிறகு 1979-ல் நானும், என்னோடு கப்பலில் வந்த லெட்சுமியும் அந்தக் கிட்டங்கியில் ஒண்டினோம். லெட்சுமிக்குக் கண் மங்கிவிட்டது, பிள்ளைகள் இல்லை. அதன் பிறகு வாதத்தில் ஒரு கால் விழுந்த சூசைமுத்து வந்தார். அதன் பிறகு, ஒண்டியாக இருந்த அன்னக்கொடி வந்தாள். அதன் பிறகு பஜாரில் கடை வைத்திருந்தவரின் விதவை ஆமினா, மருமகளோடு ஒத்துப்போகாமல், ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு கோழியுமாக ஜீப்பில் வந்து இறங்கினாள். யாரையும் நான் தேடிப் போகவில்லை. எல்லோரும் சேர்ந்து கூரையை ஒழுகாமல் அடைத்து, தடுப்பு வைத்து மூன்று அறை ஆக்கினோம். குருநாதன் ஐயா வாடகை வேண்டாம், காப்பியைக் காவல் பார்த்தால் போதும் என்றார்.

போன வருஷம் வைகாசி மாதம், இலங்கையில் எங்கள் தோட்டத்துக் கங்காணியாக இருந்த நல்லையா மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் ஒரு விடுதியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, வத்தலக்குண்டில் பஸ் மாறிப் பார்க்கப் போனேன். ஒரே கூடத்தில் அறுபது கட்டில். சோறு குறைவில்லை, துணி சுத்தம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நல்லையா வாயோரம் எச்சில் வடிய, பகலிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, அவர் தினமும் ஐந்து மணிக்கு எழுந்து கட்டில் கட்டிலாகப் போய் ஆட்களைப் பேர் சொல்லி எழுப்புகிறார், பைத்தியம் முற்றிவிட்டது, அதனால் மாத்திரை கொடுக்கிறோம் என்றார்கள். அது பைத்தியம் இல்லை, பெரட்டு. தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் ஆட்கள் எல்லாரும் களத்தில் வந்து நிற்க, கங்காணி பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பேர். நாற்பது வருஷம் அதைச் செய்தவர் வேறு என்ன செய்வார்? அவர் கண் திறந்து, "ராக்காயி, இங்கே எல்லாரும் படுத்தே கெடக்காங்க. வேலைக்கு ஆள் இருக்கு, வேலைதான் இல்லே" என்றார். அதன் பிறகு விடுதி மேலாளரிடம் சொல்லி, நல்லையாவின் சம்மதத்தோடுதான் கூட்டிவந்தேன். மகனுக்குக் கடிதாசி போடச் சொல்லாதது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

வந்த மறுநாளே அவர் வெள்ளனே எழுந்து களத்தில் நின்று பேர் கூப்பிட்டார். நாங்கள் சிரித்துக்கொண்டே போய் நின்றோம். அன்றிலிருந்து தினமும் நிற்கிறோம். பேர் கூப்பிட்டதும் அவரவர் அன்றைக்கு என்ன முடியும் என்று அவரவரே சொல்ல வேண்டும். லெட்சுமி விரலால் தடவியே மிளகு ஆய்வாள், ஒரு காம்பு தங்காது. சூசைமுத்து முக்காலியில் உட்கார்ந்தபடி பூண்டு உரிப்பார். ஆமினாவுக்கு அடுப்பு, அன்னக்கொடிக்குக் கோழி, எனக்குத் தண்ணீரும் விறகும். முடியாதவர் "ஏலாது" என்றால் போதும், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. இந்த ஒன்றரை வருஷத்தில் நல்லையா ஒரு மாத்திரை தின்னவில்லை. இதில் எனக்குப் பெருமை உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

இன்று காலை ஆறரை மணிக்கு ஏட்டையா வேலி ஓரமாக வந்து நின்று பார்த்தார். நல்லையா அவரைப் புது ஆள் என்று நினைத்து, "யாரப்பா அங்கே? வெரசா வந்து வரிசையில நில்லு. ஒனக்கு என்ன சோலி தெரியும்?" என்றார். ஏட்டையாவும் வந்து நின்றார். கூட வந்த சுந்தரராஜ் தகப்பன் கையைப் பிடித்து, "போதும், வாங்கப்பா" என்று இழுத்தார். நல்லையா கையை விடுவித்துக்கொண்டு, "பெரட்டு முடியட்டும், மகன்" என்றார். அதன் பிறகு எங்கள் எல்லோரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். ஆமினா அடுப்பை அணைத்துவிட்டு, எல்லோருமாக வந்தோம்.

மகன் கூப்பிட்டு அவர் போக விரும்பினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். விரும்பாதவரைக் கட்டி இழுத்தால் நிற்பேன். கிட்டங்கியைப் பூட்டினால் ஆறு பேரும் இந்த ஸ்டேஷன் வாசலில்தான் விடிந்ததும் பெரட்டுக்கு நிற்போம்.

இதை எனக்கு யார் படித்துக் காட்ட வேண்டும் என்று எஸ்.ஐ. ஐயா கேட்டதற்கு, நல்லையா படிக்கட்டும் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து எங்கும் தடுக்காமல் சத்தமாகப் படித்தார். மனுவின் வாசகம் வந்த இடத்தில் மட்டும் நிறுத்தினார். சுந்தரராஜ் தலையைக் குனிந்துகொண்டு, "அந்த வரியை அடிச்சிருங்க சார்" என்றார். நல்லையா, "அடிக்க வேண்டாம், ஐயா. புத்தி தடுமாறினவன்னு அது அங்கேயே கெடக்கட்டும். கீழே என் கையெழுத்தும் கெடக்கட்டும்" என்றார்.

நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. அடித்தல் திருத்தல் இல்லை.

ராக்காயி, இடது பெருவிரல் ரேகை.

படித்துக் காட்டிய சாட்சி: மு. நல்லையா, கங்காணி.