ஜோடியில் ஒன்று

ஞாயிற்றுக்கிழமை, மாலை ஏழு மணி. ஜாலான் புசாரில் இரும்புக் கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. மழை விட்ட பின்சந்தில் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர் சாமான் கடையில் மட்டும் விளக்கு... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கே பிடிக்கவில்லை.

என் நண்பன் ரிஸ்வானின் அக்கா ருக்ஸானா, ஆங் மோ கியோ வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ வெட்டி ஒட்டித் தருபவர். கம்ப்யூட்டர் திணறியது. மெமரி கூட்டினால் ஓடும் என்றார்கள். வாங்கப் போனவர் அவர் கணவர் ஃபஹத். லிட்டில் இந்தியாவில் வளையல் கடை. காற்றையே பாதி விலைக்குக் கேட்பவர்.

கடைக்காரர் கோவிந்தராசு, விரல் நீளத்தில் இரண்டு பழைய மெமரித் துண்டுகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றும் பதினாறு ஜிபி.

"ஒரே வீட்டுச் சரக்கு பாய். ஜோடியைப் பிரிக்காதீங்க."

ஃபஹத் சிரித்துவிட்டார். வளையல் வாங்க வருகிறவர்களிடம் அவரே நாள் முழுக்க விடுகிற வசனம் அது.

"இதை எங்கிட்டயேவா?"

கம்ப்யூட்டரில் இருந்த பழைய துண்டைக் கொடுத்து அதன் விலையைக் கழித்துக்கொண்டு, ஒன்றை மட்டும் வாங்கினார். கோளாறு என்றால் கடைக்காரர் வந்து மாற்றித்தர, தன் வீட்டு விலாசமும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் மாட்டியதும் ஓடியது. படம் தாலி கட்டும் இடத்துக்கு வந்தது... டிக். டிக். திரை நீலமாகி நின்றது. கூடவே ஒரு வாசனை. ஈரத் தலைமுடிக்குச் சாம்பிராணி காட்டியது போல.

மறுபடி போட்டார்கள். அதே இடம். அதே வாசனை.

"மலிவா அள்ளிட்டு வந்தீங்கள்ல, இதான் லா!" என்றார் ருக்ஸானா. கேமரா கார்டை அழித்தாகிவிட்டது. பெண் வீட்டார் மறுநாள் வருகிறார்கள். இன்னொரு தடவை தாலி கட்டுங்கள் என்று சொல்ல முடியுமா?

ஃபஹத் துண்டைக் கழற்றி, முனையை அழிரப்பரால் தேய்த்து, அதே இடத்தில் மறுபடி அழுத்திச் செருகினார். சோதனை போட்டுப் பார்த்தார். குறையே இல்லை என்றது. அப்படியானால் கோவிந்தராசு ஏதோ விளையாடுகிறார் என்று கடைக்கே சண்டைக்குப் போனார்.

"இன்னொண்ணை எடுங்க."

"அது போயிருச்சே பாய். ஒரு அம்மா வாங்கிட்டாங்க. இதோட ஜோடி எங்கன்னு கேட்டாங்க... உங்க விலாசத்தைக் கொடுத்தேன்."

போன் அடித்தது. ருக்ஸானா.

"ஓடிருச்சுங்க! தாலி கட்டுற இடம் தாண்டிருச்சு. நீங்க அனுப்புன அக்காதான் வந்து மாட்டிவிட்டாங்க."

"எவ்வளவு கேட்டாங்க?"

"காசே வேணாமாம்."

எங்கள் வியாபாரக் கூட்டத்தில் பேய்க்குப் பயந்தவரை நான் பார்த்ததில்லை. சரக்கைக் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்பவரைக் கண்டால் மட்டும் கடையைப் பூட்டிவிட்டு ஓடுவார்கள். டாக்சியே ஏறாத ஃபஹத், அன்று டாக்சியில் வந்தார்.

வீடு முழுக்கச் சாம்பிராணி வாசனை. வீடியோ முழுதாகத் தயார். திரையில் மெமரி முப்பத்திரண்டு ஜிபி என்று காட்டியது. பெட்டியின் மூடியைத் திறந்தார்... உள்ளே ஒரே ஒரு துண்டு. பக்கத்து இடம் காலி. அதில் பழைய தூசி கலையாமல் இருந்தது.

நாற்காலியில் சரிந்தார். "அவங்க எப்ப போனாங்க?"

"போறதா?" ருக்ஸானா தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தார். இரண்டு கிளாஸ். ஒன்றைக் கணவரிடம் கொடுத்தார். பிறகு, அவருக்குப் பக்கத்திலிருந்த காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்.

"அக்கா, உங்களுக்குச் சீனி போடலாமா?"