மாமனார் செருப்பும் காற்று மிஷினும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும், பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிப்புகையில் ஓடிய கரி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த மெக்கானிக் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்:

"என் மாமனார் செருப்பை வெட்டித்தான் அண்ணாச்சி, மிஷினைச் சரியாக்குனேன்."

"என்ன மிஷின்?"

"காத்தை அமுக்கி அடிக்குத கம்ப்ரஸர். பாறையைத் துளைக்கதுக்குள்ளது. சுந்தரபாண்டியபுரத்துல மாமனார் கிணறு வத்தி, நெல்லு கருக ஆரம்பிச்சிட்டு. நான் வேலை பாக்குத குவாரியில கேட்டு, வண்டி கட்டி மிஷினைக் கொண்டுபோனேன். இஞ்சின் ஓடுது, ஆனா காத்து ஏறவே இல்ல. 'மாப்பிள்ளை இரும்பு எருமையைப் பத்திட்டு வந்திருக்காரு'ன்னு ஊரே சிரிச்சுது."

"பொறவு?"

"வால்வைக் கழத்தித் துடைச்சேன். பெல்டை இறுக்குனேன். ஒண்ணும் ஆவல. கடைசியில சோப்பைக் கரைச்சுக் குழாய் நெடுகத் தடவுனேன். ஒரு மூட்டுல குபுகுபுன்னு நுரை வந்துது. உள்ள கிடந்த தோல் வாஷர் இத்துப்போயி, காத்தெல்லாம் அங்கனதான் ஒழுகியிருக்கு. வேற தோலுக்கு எங்க போக? கிணத்து மேட்டுல மாமனாரோட புதுச் செருப்பு கிடந்துது."

பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "மனுஷன் சும்மாவா விட்டாரு?"

"முகங்குடுத்தே பேசல. பாறையில துளை இறங்கி, தண்ணி பீச்சியடிச்சுது பாருங்க, அப்பதான் கிணத்துக்குள்ள இறங்கி வந்தாரு. முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு, மிச்சமிருந்த ஒத்தைச் செருப்பை என் கையில தந்தாரு. 'இதையும் வச்சுக்கிடுங்க மாப்பிள்ளை, நாளைக்கு அந்த வாஷரும் இத்துப்போனா என்ன செய்வீய?'ன்னாரு."