அரை டிகிரி

இந்த அறைச் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. குறையாகச் சொல்லவில்லை. எல்லா வெப்பமானியும் கொஞ்சம் பொய் சொல்லும். எவ்வளவு பொய் என்று தெரிந்துவைத்துக்கொள்வதுதான் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு.

லியூபெனுக்கும் அதே பிழைப்புதான். ரிலா மலை உச்சியில் இருக்கும் எங்கள் நிலையத்தில் நாங்கள் இரண்டே பேர். முப்பது கிலோமீட்டர் உயரத்தில் காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று செயற்கைக்கோள் சொல்லும். அது தொட்டுப் பார்த்துச் சொல்வதில்லை. மேலிருந்து பார்த்துக் கணிக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக வந்த செயற்கைக்கோள்கள் சொன்னதையெல்லாம் ஒட்டவைத்து முப்பது வருட வெப்பநிலைக் கணக்கு ஒன்றை நான் தயாரித்தேன். அதில் பிழை இருந்தாலும் ஒரு டிகிரியில் பத்தில் இரண்டு பங்குக்கு மேல் போகாது என்று எழுதினேன். பல நாடுகளில் அதை எடுத்தாள்கிறார்கள். லியூபென் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பிழை அரை டிகிரியாவது இருக்கும் என்பான். காலையில் பனிட்சாவைப் பிய்த்துத் தின்றுகொண்டே, "நீ ஜோசியம் பார்க்கப் போயிருக்கலாம்டா அசென். அங்கதான் யாருக்கும் சந்தேகமே வராது" என்று சீண்டுவான். எனக்கு வலிக்கும். சிரித்துவிடுவேன்.

மார்ச் ஒன்றாம் தேதி பழைய செயற்கைக்கோள் கடைசியாக எங்கள் தலைக்கு மேல் கடந்தது. மறுநாள் அதை அணைக்கப்போகிறார்கள். சில நிமிடம் பின்னால் புதியது. இரண்டும் கடக்கும் வேளையில் நம் வெப்பமானி ஒன்று பலூனில் அந்த உயரத்திலேயே இருந்தால், யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும். அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பலூனை விட வேண்டும்.

உச்சியில் காற்று பலமாக இருந்ததால் லியூபென் சரிவில் இறங்கிப் போய்ப் பலூனைப் பறக்கவிட்டான். மார்ச் முதல் தேதி என்பதால், நோய்நொடி வராமல் காக்கும் என்று நாம் கட்டிக்கொள்ளும் சிவப்பு வெள்ளை நூலைப் பலூன் கயிற்றிலும் கட்டினான். வருடா வருடம் கட்டுவான். என் மணிக்கட்டில் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பதும் அன்று காலை அவன் கட்டியதுதான். கழற்றச் சொன்னால் கழற்றிவிடுகிறேன்.

பத்து நிமிடம் கழித்துக் கைவானொலியில் அழைத்தான். பனி சரிந்து பாறை இடுக்கில் விழுந்திருந்தான். தொடை எலும்பு முறிந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை, மீட்புக் குழுவைக் கூப்பிடு என்றான்.

அங்கே செல்பேசி எடுக்காது. நிலையத்துப் பெரிய வானொலியில்தான் கூப்பிட வேண்டும். அதை முடுக்கினால் பலூனிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞை அமுங்கிவிடும். ஒருமுறை அறுந்தால் எங்கள் பழைய கருவி மறுபடி பிடிக்காது. கொஞ்சம் பொறு என்றேன்.

பிறகு, "எவ்ளோ உசரம் போயிருக்கு?" என்று கேட்டான்.

"மூணு கிலோமீட்டர்."

"ம்" என்றான்.

அவனும் இந்தத் தொழில்காரன். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

குத்துமதிப்பாகச் செய்யவில்லை, கணக்குப் போட்டேன். ஆள் திடமானவன், இரண்டரை மணி நேரம் தாங்குவான், அரை மணி முன்பின் ஆகலாம். பலூன் இருபது கிலோமீட்டரில் இருக்கும்போது குளிர்கிறது என்றான். இருபத்தாறில் இருக்கும்போது, "போதும்டா அசென். கூப்பிடு" என்றான். எண்களைக் கவனிக்க வேண்டியிருந்ததால் கைவானொலியின் ஒலியைக் குறைத்துவைத்தேன்.

செயற்கைக்கோள்கள் இரண்டும் கடந்தன. மூன்று அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் அரை டிகிரி. லியூபென் சொன்னதேதான்.

பிறகு மீட்புக் குழுவை அழைத்தேன். உடனே அல்ல. முதலில் அந்தப் பதிவை அழித்தேன். பிரதிகளையும் தேட வேண்டியிருந்ததால் பதினொரு நிமிடம் ஆயிற்று. அவர்கள் போய்ச் சேர்வதற்குப் பத்து நிமிடம் முன்புவரை அவனுக்கு உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். பத்து நிமிடம் என்பது என் கணக்கின் பிழைக்குள் அடங்கும்.

பலூன் பாதியிலேயே வெடித்துவிட்டதாகப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். அது பொய், அடித்துவிடுங்கள். என் முப்பது வருடக் கணக்கில் மட்டும் கை வைக்க வேண்டாம். அதில் பிழை பத்தில் இரண்டு பங்குதான். அதை நீங்கள் தாராளமாக நம்பலாம்.