பின்கதவு

எனக்கு மேடைப்பேச்சு வராது. மைக்கைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் பத்தொன்பது வருஷமாக அந்த நினைவுக் கூட்டத்தில் நான்தான் பேசுகிறேன். நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல வேறு ஆள் இல்லை.

தையல் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். துணி களவு போகிறதென்று முதலாளி நச்சரித்ததால் வேலை நேரத்தில் பின்கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். இஸ்திரி மேசையில் தீப்பிடித்த அன்றும் பூட்டியிருந்தேன். நான் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஓடத்தான் நினைத்தேன், கால் எழவில்லை. பின்கதவருகே பதினோரு பேர் செத்துக் கிடந்தார்கள். கதவை உடைக்க உள்ளே போன வாட்ச்மேனும் அவர்களில் ஒருவர்.

விசாரணையில், வாட்ச்மேன் பூட்டியிருப்பார் என்றேன். செத்தவருக்கு இனி வேலை போகப்போவதில்லை. எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள்.

முதல் வருஷக் கூட்டத்திலும் ‘பூட்டியிருப்பார்’ என்றுதான் சொன்னேன். மறுவருஷம் ‘பூட்டினார்’ என்று வந்துவிட்டது. ஐந்தாம் வருஷம் அவர் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கிய சத்தத்தைக்கூடச் சொன்னேன். கேட்டவர்கள் அழுதார்கள். நினைவுக்கல்லில் பத்துப் பெயர்கள்தான் வெட்டினார்கள்.

ஜன்னல் வழியே குதித்துக் கால் ஊனமான பட்டன் தைக்கும் பெண் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள்.

“அண்ணே, சாவி உங்க பையிலதானே இருந்துச்சு?”

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். “அந்தப் புகையில உனக்கு என்னம்மா தெரிஞ்சிருக்கும்?” என்று பக்குவமாகக் கேட்டேன்.

டம்ளரைக் கீழே வைத்தாள். “அப்படித்தான் இருக்கும்ணே. இப்பல்லாம் எனக்கு எதுவும் நிக்கிறதில்ல.”

அடுத்த கூட்டத்தில் அவளே எழுந்து, சாவிக்கொத்துச் சத்தம் தன் காதிலும் விழுந்ததாகச் சொன்னாள்.

இந்த வருஷம் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது வாட்ச்மேனின் மகள் வந்தாள். அப்பா பூட்டியிருக்க மாட்டாரென்று அவள் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

“இத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்போது நான் மட்டும் என்னத்தச் சொல்ல? எங்கப்பா செஞ்சதுக்கு மன்னிச்சிடுங்க ஐயா.”

அவள் போனபிறகு கூட்டம் நடத்தும் சங்கத்தின் செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார். உயிர் தப்பியவர்களுக்கு இப்படித் தோன்றுவது சகஜம், வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்றார். செய்தி எழுத வந்த நீங்களும் பேனாவை மூடிவிட்டீர்கள் சார். எழுதிக்கொள்ளுங்கள்: பூட்டியது நான்.

ஆனால் கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எழுதாதீர்கள். வாட்ச்மேன் மகளை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அவள் தலையில் கை வைத்து, மன்னித்துவிட்டேன் என்று தலையசைத்துத்தான் அனுப்பினேன்.